புதன்கிழமைகளில் நான் ராசாவின் ஆள்

கடந்த மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடிக்கு ஏறி வந்தார்கள். அமெரிக்க சுதந்திரத் தலைவர்களைப் பற்றிய பழைய வாசிப்பு வட்டத்தை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். அந்த வட்டத்தில் இருந்தவர்களில் தேடிப் பிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை. நான் எங்கும் போவதில்லை.

“சேர், நீங்க ஆரா இருந்தனீங்கள்? வாஷிங்டனா, ஜெபர்சனா?” என்று ஒருவர் கேட்டார்.

“நான் தலைவர் இல்லைத் தம்பி. நான் ராசாவின்ர ஆள்” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தேநீர் குடித்தார்கள், முடிந்தால் எழுதித் தாருங்கள் என்றார்கள், போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு வீடு முன்பைவிட வெறிச்சென்றாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக நூலகத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில். பயிற்சி என்று சொல்ல அதிகம் இல்லை. தூசி தட்டினேன், அட்டை எழுதினேன், புத்தகங்களின் முதுகில் வெள்ளை மையால் இலக்கம் போடப் பழகினேன். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு ஊரில் பாதி ஓடிவிட்டது. எங்கள் கட்டடங்கள் சிலவற்றைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. புத்தகங்களை மாட்டு வண்டிகளில் ஏற்றி ஒரு பங்களாவுக்குக் கொண்டுபோய் அடுக்கினோம். அந்த அடுக்கலோடு என் பயிற்சியும் முடிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் டொக்டர் வீரசூரிய. வரலாற்று விரிவுரையாளர், ஆள் பற்றாக்குறையால் நூலகப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், தலையைச் சற்றுச் சாய்த்து, ஆங்கிலத்தில் மெல்ல ஒரு கேள்வி கேட்பார்: “எங்கே இருக்கிறது?” எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்கள் பலர். நான் அதில் முதல் ஆள்.

வாசிப்பு வட்டம் அவருடைய யோசனை. “சுதந்திரம் வேண்டும் என்று நாங்களும் கேட்கிறோம். ஏற்கெனவே கேட்டு வாங்கியவர்கள் எப்படிக் கேட்டார்கள், வாங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்து வைப்பது நல்லது” என்றார். புதன்கிழமைகளில் கடைசி விரிவுரை முடிந்ததும், பங்களாவின் பின் அறையில் கூடுவோம். உள்ளே வருமுன் விறாந்தையில் இருந்த பேசினில் எல்லாரும் கை கழுவவேண்டும். வடை தின்ற கையோடு புத்தகத்தைத் தொட அவர் விடமாட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அதுதான் மணி அடித்த மாதிரி.

யுத்தத்தால் கப்பல்கள் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பிரதிதான். அந்தக் கஷ்டத்திலிருந்து அவர் ஒரு முறையை உண்டாக்கினார். புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பேசி முடித்ததும் இடப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவேண்டும். ஏதாவது ஒன்றைச் சாதித்துச் சொன்னால், அந்த வரியில் விரலை வைக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் குனிந்து வாசித்துத் தலையாட்டும் வரை விரலை எடுக்கக் கூடாது. விரல் வைக்க இடமில்லை என்றால், சொன்னதை விட்டுவிட்டுப் புத்தகத்தை அடுத்தவரிடம் தள்ளவேண்டும். வாய்ச்சவடால்காரர்கள் இரண்டு வாரத்தில் அடங்கிப் போனதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஒவ்வொருவரும் வருடம் முழுவதற்கும் ஒரு தலைவரை எடுத்து அவருக்காக வாதாட வேண்டும். அறைக்குள் அந்தப் பெயரால்தான் அழைப்போம். மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு பெயர்களை எடுத்தார்கள். ஹனீபா என்று ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளை பிராங்க்ளினை எடுத்தான். “கடை கண்ணி தெரிஞ்ச மனிசன் அவர் ஒருத்தர்தானே” என்று காரணமும் சொன்னான். எல்லாப் பெயர்களும் முடிந்த பிறகு டொக்டர், “அரசனுக்காக யார்?” என்று கேட்டார். அமெரிக்காவில் பலர் பிரிவினையை விரும்பவில்லை, கடைசிவரை இங்கிலாந்து அரசனோடு நின்றார்கள், அவர்களுடைய பக்கத்தையும் ஒருவர் பேசவேண்டும் என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. “அப்படியானால் இது வாசிப்பு வட்டமாக இராது. பிரார்த்தனைக் கூட்டமாகத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அறையைப் பூட்டித் திறப்பை எடுத்துப் போவதற்காக மூலையில் குந்தியிருந்தவன் நான். “மிஸ்டர் கனகசபை, நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்.”

இப்படித்தான் நான் ராசாவின் ஆள் ஆனேன்.

முதலில் பகிடியாகத்தான் இருந்தது. நான் சிற்றுண்டிச்சாலைக்குள் போனால் மாணவர்கள் கூட்டமாக எழும்பி விறைத்து நிற்பார்கள். நானும் அரசன் மாதிரிக் கையை அசைத்துவிட்டுத் தேநீர் வாங்குவேன். ஆனால் வருடங்கள் போகப் போக, அறைக்குள் இருந்த பெயர் வெளியேயும் ஒட்டிக்கொண்டது. சுதந்திரம் சுதந்திரம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். அலுவலக எழுதுவினைஞர்கள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். எனக்குக் கலியாணம் பேசி வந்த ஒரு பெரியவர், அரசியல் கூட்டங்களில் மேடையேறுகிறவர், “பெடியன் வெள்ளைக்காரன்ர பக்கமாம்” என்று சொல்லிச் சாதகத்தைத் திருப்பி அனுப்பினார். அது விளையாட்டுக்கு எடுத்த வேஷம் என்று யாருக்குப் போய் விளக்குவது? வெள்ளவத்தையில் ஓர் அறை, கீழே சைவக் கடையில் சாப்பாடு, பக்கத்தில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்ததுபோல் நடந்துகொண்டேன்.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வட்டத்துக்கு வந்தவன் வேலாயுதம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் கடல் தாண்டி வந்து, கொட்டாஞ்சேனையில் பாத்திரக்கடை வைத்தவர். வேலாயுதம் எங்களோடு தமிழும், வாசலில் நிற்கும் காவல்காரனோடு சிங்களமும், டொக்டரோடு ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசுவான். முதல் நாளே தோமஸ் பெயினைக் கேட்டு வாங்கினான். மற்றவர்கள் யாரும் அந்த மனிதரைச் சீண்டியதில்லை. பேனாவால் மக்களைக் கிளப்பிவிட்டவர்தான்; ஆனால் படைத்தலைவருமில்லை, ஜனாதிபதியுமில்லை.

“ஏன் பெயின்?” என்று டொக்டர் கேட்டார்.

வேலாயுதம் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தான். “சேர், இவர் அமெரிக்காவில் பிறந்தவரில்லை. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கி அதிக காலம் ஆகுமுன்பே, அந்த நாட்டுக்காக அந்த நாட்டுக்காரர்களைவிட நன்றாக எழுதினார். வந்தவனே நாட்டுக்காரன் ஆகலாம் என்றால், பிறந்தவனைப் பற்றிக் கேள்வியே இல்லை.”

டொக்டர் குனிந்து வாசித்துத் தலையாட்டினார்.

அறைக்குள் என்னை மிக மோசமாகப் போட்டுத் தாக்கியவன் அவன்தான். அரசனோடு நின்றவர்களின் வீடுகளைச் சனங்கள் சூறையாடியதையும், உடம்பில் தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டதையும் நான் விரல் வைத்துக் காட்டினால், “தப்பான பக்கம் நின்னா அப்படித்தான்” என்று ஒரே போடாகப் போடுவான். அவர்கள் கப்பலேறி லண்டனுக்குப் போனார்கள், அங்கேயும் அவர்களை ஒருவரும் தம்மவராகக் கொள்ளவில்லை, காப்பிக் கடைகளில் தங்களுக்குள்ளேயே கூடியிருந்து ஊர்க்கதை பேசிக் காலத்தைப் போக்கினார்கள் என்று நான் சொன்னபோது மாத்திரம் பேசாமல் இருந்தான். ஆனால் டொக்டர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டதும் அவனுக்கு எல்லாம் மறந்துபோகும். “வாங்கண்ணே, ராசாவுக்கு ஒரு டீ வாங்கித் தரேன்” என்று தோளில் கையைப் போடுவான். வேஷத்தையும் என்னையும் வேறுவேறாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போனான். கடைக்குப் பின்னால் வீடு. தெருவில் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அடித்தன. தாயார் குழம்பை ஊற்றிக்கொண்டே, வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மாவிடம் மீன் விலை விசாரித்தார். தகப்பன் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்திருந்தார்.

“தம்பி, இவனுக்கு இந்த ஊர்லயே ஒரு பென்சன் உள்ள வேல கெடச்சிட்டா போதும். நான் கடல் தாண்டி வந்த பாடு என்னோட போகட்டும். அவன் இங்கதான் பொறந்தான், இங்கயே இருக்கட்டும்.”

“லைப்ரரில இன்னொரு அசிஸ்டன்ட் எடுக்கப் போறாங்களாம்ப்பா. அண்ணனுக்கு எதிர் மேசை” என்றான் வேலாயுதம்.

“ஓம், எடுக்கத்தான் வேணும். என்னாலை தனிய ஏலாது” என்றேன் நான். வேலையைப் பற்றிச் சொன்னதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ அந்த எதிர் மேசையில் அவன் வந்து உட்காரவேண்டும் என்று அப்போதே ஆசை பிடித்துவிட்டது.

அடுத்து வந்த புதன்கிழமைக்கு நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பெயினுடைய கடைசிக் காலம் கண்ணில் பட்டது. தள்ளாத வயதில் அவர் வாக்களிக்கப் போகிறார். எந்த நாட்டின் விடுதலைக்காக எழுதினாரோ அந்த நாட்டில். அங்கிருந்த அதிகாரி, நீ இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறார். நான் அந்தப் பக்கத்தில் கடதாசித் துண்டு வைத்தேன். ராசாவின் ஆளுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. வருடம் முழுவதும் வாங்கிய அடிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

அன்று வேலாயுதம் நன்றாகப் பேசினான். ஒரு நாடு யாருக்குச் சொந்தம் என்றால், அதில் வாழ விரும்பி உழைக்கிறவனுக்குத்தான் என்று முடித்துவிட்டுப் புத்தகத்தை என் கையில் தந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடதாசித் துண்டின் நுனி வெளியே தெரிந்தது. எனக்கு அவனுடைய தகப்பன் ஞாபகம் வந்தது. புத்தகத்தைத் திறக்காமலே இடப்பக்கம் இருந்த ஹனீபாவிடம் கொடுத்தேன்.

“அரசனின் ஆளுக்கு இன்று சொல்ல ஒன்றுமில்லையா?” என்றார் டொக்டர்.

“இல்லை, சேர்.”

மாணவர்கள் மேசையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வேலாயுதம் மட்டும் தட்டவில்லை. வென்ற களிப்பில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பட்டம் பெற்றதும் அவனைத் தற்காலிக உதவியாளனாக எடுத்தார்கள். எதிர் மேசைக்கு ஆள் வந்தது. என் வாழ்க்கையில் அலுவலகத்துக்கு நேரத்துக்கு முன்பே போன காலம் என்றால் அதுதான். யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன, பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் இறங்கின. அவன் பெட்டியை உடைப்பான், நான் பதிவேன். நான் இலக்கம் எழுதுவேன், அவன் மை காய ஊதுவான். மத்தியானம் அவன் தாயார் கட்டிக் கொடுத்த சோற்றில் பாதி எனக்கு. அவன் சிங்களத்தில் பாட்டு முணுமுணுத்தால் காவல்காரன் யன்னலடியில் வந்து நின்று அடுத்த அடியைப் பாடுவான். இதெல்லாம் பெரிய விஷயங்களா என்று கேட்பீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்தது. கொடி ஏற்றிய அன்று இருவரும் ஒன்றாகத்தான் போனோம். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு மதிலில் தொற்றி ஏறினான். செருப்பு வழுக்குகிறது என்று கழற்றி என் கையில் தந்தான். மேலே நின்று கொடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். கீழே அவனுடைய செருப்புகளை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

“இனி ஒங்களுக்கு வேல இல்லண்ணே! ராசா போயிட்டாரு!” என்று மேலிருந்து சிரித்தான்.

ராசா முற்றாகப் போகவில்லை. தபால் முத்திரையில் அவர் முகம் இருந்தது. ஆனால் அன்று நான் அதைச் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு முந்தின தலைமுறைகளைக் காட்டவேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சமயத்தில்தான் வேலாயுதத்தின் தற்காலிகப் பதவியை நிரந்தரமாக்க நேர்முகப் பரீட்சை வைத்தார்கள். நிரந்தரப் பதவி பிரஜைகளுக்கு மட்டும் என்று பல்கலைக்கழகம் தீர்மானித்திருந்தது. “நான் கொட்டாஞ்சேனைலதானே பொறந்தேன். காட்டுனா சரி” என்று வேலாயுதம் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நம்பினேன். பின் அறையில் இத்தனை வருடம் பழகியதால் வந்த பைத்தியம் அது. விரல் வைக்க ஒரு வரி இருந்தால், எதிரே இருப்பவர் குனிந்து வாசித்துத் தலையாட்டுவார் என்று நம்பிவிட்டோம்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டொக்டர் வீரசூரிய; வலப்பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு தடித்த மனிதர்; மற்றவர் கடைசிவரை பேசாதவர். விண்ணப்பங்களை எடுத்துக் கொடுக்க நான் ஓரத்தில் இருந்தேன். டொக்டர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். வேலை பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேலாயுதம் தடுமாறாமல் பதில் சொன்னான். தடித்த மனிதர், “நீர் எந்த நாடு?” என்று கேட்டார்.

வேலாயுதம் பிறப்புப் பத்திரத்தை மேசையில் விரித்தான். யாரும் கேட்காமலே, பிறந்த இடம் கொட்டாஞ்சேனை என்ற வரியில் விரலை வைத்தான். டொக்டர், பழக்கதோஷம், குனிந்து வாசித்தார். வாசித்துத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

தடித்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து வாயைத் திறந்தார். அவர் தொடங்குமுன் டொக்டர் முந்திக்கொண்டு, வழக்கமான அந்த மெல்லிய குரலில் கேட்டார்:

“தகப்பனார் பிறந்த இடம்? எங்கே இருக்கிறது?”

வேலாயுதத்தின் விரல் அந்த வரியிலிருந்து கீழே இறங்கியது. பத்திரத்தின் அடிவரை போனது. மறுபடி மேலே வந்தது. அந்தப் பத்திரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. இருந்திருந்தால் இன்னும் மோசம். அவன் விரலை எடுத்தான். பத்திரத்தை மடித்தான். ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனான்.

அன்று மாலை டொக்டர் என் மேசைக்கு வந்து நின்றார். நான் எழும்பவில்லை.

“நீங்கள் அதைக் கேட்டிருக்கத் தேவையில்லை, சேர்” என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“நான் கேட்காவிட்டால் அவர் கேட்டிருப்பார். களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணியா நீர் என்று கேட்டிருப்பார். அந்தப் பையனின் காதில் அது விழக் கூடாது என்று நினைத்தேன்.” யன்னல் பக்கம் திரும்பினார். “மூன்று பேரில் ஒரு வாக்கு அவனுக்குக் கிடைத்தது. அது எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும்.”

கோபம் தணியவில்லை. ஆனால் யார்மேல் கோபம் என்பது அதன் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

வேலாயுதம் பிரஜையாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அது முடிய வருடக்கணக்காகும். வேலை அதுவரை காத்திருக்காது. அவனுடைய தகப்பன் காத்திருக்க விரும்பவில்லை. மகனுக்குச் சொன்ன பதிலைத் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு கடையை விற்றுவிட்டார். மேசையை ஒழித்துக் கொடுத்த கடைசி நாள், வேலாயுதம் டிராம் வேண்டாம் என்றான். இருவரும் கொட்டாஞ்சேனைவரை நடந்தோம். புறக்கோட்டையின் கூட்டத்தைத் தாண்டிய பிறகு அவன் கேட்டான்.

“அண்ணே, பெயின் கடேசில ஓட்டுப் போடப் போனாரே, தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். அன்னைக்கு நீங்க கடதாசி வச்ச எடத்தப் பாத்தேன். எந்தப் பக்கம்னு பாத்த ஒடனே புரிஞ்சு போச்சு. செத்தோம்னு நெனச்சேன். நீங்க தொறக்கவே இல்ல.”

“நீர் எப்ப வாசிச்சனீர்?”

“வட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே. அத வாசிச்சிட்டுத்தாண்ணே அவர எடுத்தேன்.” அவன் நடையை நிறுத்தவில்லை. “அவரு வந்தவரு, அதனால திருப்பி அனுப்புனாங்க. நான் பொறந்தவன், எனக்கு அப்படி நடக்காதுன்னு காட்டலாம்னு நெனச்சேன்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுத்தெருவில் இரண்டு ஆண்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு போவதை யார் பார்த்தால் எனக்கென்ன என்று இருந்தது.

கோட்டை ஸ்டேஷனில் தலைமன்னார் மெயில் நின்றது. தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் கரை சேர்ந்து, அப்பால் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தாயார் சிங்களத்தில் போர்ட்டர்களோடு பெட்டிகளுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தகப்பன் உள்ளே ஏறி உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் வாசலில் நின்றான்.

“அப்பாவோட ஊருன்னு பேரு தெரியும், அவ்வளவுதான். ஸ்டேஷன்ல எறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாது” என்றான்.

“போய்ச் சேர்ந்தாப் பழகீடும், தம்பி.” எனக்கே நம்பிக்கையில்லாத வார்த்தை.

“அங்க போனதும் எந்த ஊருன்னு கேப்பாங்க. கொழும்புன்னு சொன்னா, ஓ சிலோன்காரனான்னு தள்ளி நிப்பாங்க. இங்க இந்தியாக்காரன்னு சொல்லிட்டாங்க.” சிரிக்கப் பார்த்தான். “கப்பல்ல போற நேரம் மட்டுந்தாண்ணே, நான் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல.”

ரயில் அசைந்தது. நான் கூடவே கொஞ்சத் தூரம் ஓடினேன். பிறகு மேடை முடிந்துவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல் நூலகத்தைத் திறந்தேன். கப்பல் புறப்படும் நேரம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரம் வந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு மாணவன் வந்து ஏதோ புத்தகம் கேட்டான். சற்றுப் பொறும் என்றேன். அவன் நின்று பார்த்துவிட்டு, மறுபடி கேட்டான். மறுபடியும் பொறும் என்றேன். அந்தக் கப்பல் கரை தட்டியிருக்கும் என்று நிச்சயமாகும்வரை, என்னால் அந்த நாற்காலியை விட்டு எழும்ப முடியவில்லை.